தடுப்பூசிக்குப் பின் தோள்பட்டைக் காயம் (சிர்வா): அமெரிக்க இழப்பீட்டு வழக்கில் தொகை பேசி முடிப்பது எப்படி?

வைகைக்கரை:

வணக்கம். ஃப்ளூ ஊசியோ டீடேப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான்) ஊசியோ போட்ட கையைத் தூக்க முடியாமல், மாதக்கணக்கில் பிசியோதெரபிக்கு அலைகிறவர்கள் நம் வட்டத்திலேயே உண்டு. அமெரிக்காவில் இதற்கு அரசு இழப்பீட்டுத் திட்டம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து மனுப் போட்டவர்களும் கடைசிக் கட்டத்தில் தடுமாறுகிறார்கள். அரசுத் தரப்பு ஒரு தொகை சொல்கிறது. வாங்கிக்கொள்வதா, இன்னும் கேட்பதா? கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் என்ன இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். மனுவைப் பற்றியும் சொல்லலாம், ஆனால் தொகை பேசும் கட்டம்தான் முக்கியமாக வேண்டும்.

கிளெய்ம்ஸ்_கதிர்:

முதலில் யாரோடு பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி போட்ட ஃபார்மசியோ மருந்து கம்பெனியோ எதிர்த்தரப்பு இல்லை. இந்தத் திட்டத்தை உண்டாக்கிய 1986-ம் ஆண்டுச் சட்டப்படி எதிர்மனுதாரர் எப்போதுமே சுகாதாரத் துறைச் செயலர். அவருக்காக வாதாடுகிறவர்கள் அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) வக்கீல்கள். மனு போவது வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்கு. ஜூரி கிடையாது, ஸ்பெஷல் மாஸ்டர் ஒருவரே விசாரித்து முடிவு சொல்வார். பணம் தடுப்பூசி வரியில் சேரும் நிதியிலிருந்து வருகிறது. ஒரு டோஸ் தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட், எம்எம்ஆர் மூன்று நோய்க்கு என்பதால் 2.25 டாலர்.

யாருடைய தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. "நர்ஸ் கவனக்குறைவாகக் குத்தினார்" என்று பக்கம் பக்கமாக எழுதி ஒரு பயனும் இல்லை. நிரூபிக்க வேண்டியவை வேறு.

2017 மார்ச் 21 முதல் போடப்படும் மனுக்களுக்கு சிர்வா இந்தத் திட்டத்தின் காயப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருப்பதால், நான்கு நிபந்தனைகள் பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ஊசிக்கு முன் அந்தத் தோளில் இப்போதைய அறிகுறிகளை விளக்கக்கூடிய வலியோ கோளாறோ இருந்திருக்கக் கூடாது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். கழுத்து நரம்பு அழுத்தம், நரம்பு அழற்சி மாதிரி வேறு எதுவும் அந்த அறிகுறிகளுக்குக் காரணமாக இருக்கக் கூடாது. இவற்றோடு தனியாக ஒன்று: பாதிப்பு ஊசி போட்டதிலிருந்து 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கி ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் ஆர்த்ரோஸ்கோபி (சிறு துளை வழியாக மூட்டில் செய்யும் ஆபரேஷன்) இந்த இரண்டாவது வழியில் சேராது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

2021 ஜனவரியில் சிர்வாவைப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு விதி வந்தது, ஏப்ரலில் அதை ரத்து செய்துவிட்டார்கள். பழைய செய்தியைப் படித்துவிட்டு "இப்போது கிடைக்காது" என்று யாரும் விட்டுவிட வேண்டாம்.

கெடு: முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 36 மாதம். எம்ஆர்ஐ எடுத்த நாளிலிருந்தோ டாக்டர் பெயர் சொன்ன நாளிலிருந்தோ இல்லை. கெடு தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தாளர்_மீனா:

கதிர் சார் சொன்னதோடு ஃபார்மசி பக்கத்து விவரம் கொஞ்சம்.

ஊசி போட வேண்டிய இடம் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையின் நடுப்பகுதி. தோள் முனை எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, சுமார் 5 செ.மீ. அதற்கு மேலே குத்தினால் ஊசி தசைக்குப் போகாமல் அதன் அடியிலுள்ள பர்சா என்ற திரவப் பைக்குள் போய்விடும். மருந்து அங்கே இறங்கினால் நோய் எதிர்ப்பு வினை தசையில் நடக்க வேண்டியது மூட்டுத் திசுவில் நடக்கிறது. சாதாரண ஊசி வலி இரண்டு மூன்று நாளில் போகும், இது போகாததற்குக் காரணம் இதுதான் என்பது இன்றைய விளக்கம். சட்டைக் கையை முழுக்க மேலே ஏற்றாமல் கழுத்துப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இடம் மேலே நகர்ந்துவிடும். ஊசி போடுபவர் நின்றுகொண்டு, போட்டுக்கொள்பவர் உட்கார்ந்திருந்தாலும் அதே ஆபத்து. ஒல்லியான கைக்கு நீள ஊசி போடுவதும் ஒரு காரணம். 130 பவுண்டுக்குக் கீழே எடை உள்ளவர்களுக்கு எட்டில் ஐந்து பங்கு (5/8) அங்குல ஊசியே போதும்.

வழக்குக்கு வேண்டியது ஊசி போட்டதற்கான பதிவேடு. கடையில் கொடுத்த ரசீது போதாது. தேதி, மருந்தின் பெயர், லாட் எண் (மருந்துத் தொகுதியின் எண்), எந்தக் கை, தசை வழியா என்பதெல்லாம் உள்ள தாளை எழுத்துமூலம் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தின் நகலும் கேளுங்கள், அதன் அடியில் கையால் எழுதிய குறிப்பு இருக்கலாம். மாநில தடுப்பூசிப் பதிவில் எந்தக் கை என்பது பல நேரம் இருக்காது.

இங்கே வழக்கமாக வரும் சிக்கல்: வலி வலது தோளில், பதிவேட்டில் "இடது டெல்டாய்டு". கணினியில் அந்தக் கட்டம் தானாக இடது என்று நிற்கும், வேலை அவசரத்தில் மாற்றாமல் விட்டுவிடுவார்கள்.

எடிசன்வாசி:

மீனா மேடம், பதிவேட்டிலேயே இடதுன்னு இருந்தா கேஸ் முடிஞ்சுதானே?

கிளெய்ம்ஸ்_கதிர்:

முடியாது. இப்படித் தவறு நடப்பது ஸ்பெஷல் மாஸ்டர்களுக்கு நன்றாகத் தெரியும், பல தீர்ப்புகளில் எழுதியும் இருக்கிறார்கள். அடுத்தடுத்த டாக்டர் குறிப்புகள் எல்லாமே "வலது கையில் ஃப்ளூ ஊசி போட்டதிலிருந்து வலது தோளில் வலி" என்று ஒரே மாதிரி இருந்தால் அதற்குத்தான் எடை. வழக்குப் போடுவதற்கு முன்பே எழுதப்பட்ட குறிப்பாக இருந்தால் இன்னும் பலம்.

48 மணி நேரக் கணக்கும் அப்படித்தான். டாக்டர் "சில வாரங்களாக வலி" என்று மட்டும் எழுதியிருந்தால் அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வலி தொடங்கிய நேரம் பதிவாகவில்லை, தவறாகப் பதிவானது என்றாலும் மற்றச் சான்றுகளை வைத்து முடிவு செய்ய ஸ்பெஷல் மாஸ்டருக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. அதற்குத்தான் பிரமாணப் பத்திரங்கள். மனுதாரருடையது ஒன்று, கூட இருக்கும் கணவனோ மனைவியோ, வேலையிடத்துச் சக ஊழியரோ தருவது ஒன்று. "மிகவும் அவதிப்பட்டார்" என்று எழுதுவதில் பயனில்லை. "ஊசி போட்ட அன்று இரவே அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, மறுநாள் காலை சட்டை மாட்ட நான் உதவினேன்" என்று நாளும் செயலும் வர வேண்டும். மறுநாள் வீட்டாருக்கோ மேனேஜருக்கோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதன் படத்தையும் இணையுங்கள்.

பிசியோ_சுகன்யா:

எனக்குத் தெரிந்து தொகையைத் தீர்மானிப்பது பிசியோ குறிப்புகள்தான். டாக்டர் ஒரு வரியில் "தோள் அசைவு குறைவு" என்று முடித்துவிடுவார், நாங்கள் டிகிரியில் எழுதுகிறோம். கையை முன்னால் தூக்குவது 180, பக்கவாட்டில் தூக்குவது 180, வெளிப்பக்கம் திருப்புவது 90 என்பது இயல்பு. முதல் நாளில் 95, 80, 30 என்று இருந்தது ஆறாம் மாதத்தில் 150, 140, 60-க்கு வந்தது என்றால் காயம் எவ்வளவு கடுமை, எவ்வளவு நாள் நீடித்தது, இன்னும் என்ன மிச்சம் என்று மூன்றுமே ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வலி 10-க்கு எவ்வளவு என்று கேட்கும்போது யோசித்துச் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் "பரவாயில்லைங்க, 2 போடுங்க" என்று சொன்னால் 2 என்றுதான் பதிவாகும்.

கெடுக்கிற விஷயங்கள் இரண்டு. ஒன்று, இடைவெளி. நாலு தடவை வந்துவிட்டு ஐந்து மாதம் காணாமல் போனால், அந்த ஐந்து மாதமும் வலி இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். இன்சூரன்ஸில் அனுமதித்த தடவைகள் தீர்ந்துவிட்டன, கோ-பே (ஒவ்வொரு தடவையும் நாம் கட்டும் பங்கு) கட்டுப்படியாகவில்லை என்பது காரணமானால் அதைக் கடைசி வருகைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சித் தாளை வாங்கி வையுங்கள், அது சிகிச்சை தொடர்ந்ததற்குச் சான்று. இன்னொன்று, கழுத்து வலி, விரல் மதமதப்பு. இருந்தால் மறைக்கக் கூடாது, கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் தோள் வலி எது, கழுத்து வலி எது, எது எப்போது தொடங்கியது என்று பிரித்துச் சொல்லுங்கள். தோளைக் காப்பாற்றக் கழுத்துத் தசையை அதிகம் உபயோகிப்பதால் அங்கே பின்னால் வலி வருவது சாதாரணம். பிரித்துச் சொல்லாவிட்டால் மூன்றாவது நிபந்தனையில் மாட்டிக்கொள்ளும்.

எடிசன்வாசி:

நல்ல விவரம். இப்ப பணத்துக்கு வருவோம். வக்கீல் மூணுல ஒரு பங்கு எடுத்துட்டா கையில என்ன மிஞ்சும்?

கிளெய்ம்ஸ்_கதிர்:

ஒரு சென்ட்கூட எடுக்க முடியாது. கார் விபத்து வழக்கு மாதிரி பங்கு பேசுவதை இந்தச் சட்டம் தடுக்கிறது. வக்கீல் கட்டணமும் செலவும் தனியாக அதே நிதியிலிருந்து வரும், எவ்வளவு என்பதை ஸ்பெஷல் மாஸ்டர் சரிபார்த்து முடிவு செய்வார். தீர்ப்புப் பதிவான 180 நாளுக்குள் வக்கீல் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட வழக்கு என்றால் தோற்றாலும் வக்கீலுக்குக் கட்டணம் உண்டு. யாராவது உங்களிடம் சதவீதம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த நீதிமன்றத்தில் வழக்காடுபவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள், நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம்.

இனி தொகை. முடிவதற்கு மூன்று வழி.

அரசுத் தரப்பு "இழப்பீட்டுக்கு உரிமை உண்டு" என்று தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டால், ஸ்பெஷல் மாஸ்டர் உரிமையை உறுதி செய்து ஒரு தீர்ப்பு எழுதுவார். பிறகு தொகை மட்டும் பேசி, இரு தரப்பும் ஒத்துவந்தால் அரசு அதை எழுதித் தாக்கல் செய்யும். இதற்கு ப்ரொஃபர் என்று பெயர். அரசு ஒப்புக்கொள்ளாமல், "வழக்கு எப்படிப் போகுமோ, பேசி முடிப்போம்" என்று வந்தால் ஸ்டிபுலேஷன். அதில் "இந்தக் காயத்தை ஊசி உண்டாக்கவில்லை என்பதே எங்கள் நிலை" என்று ஒரு பத்தி இருக்கும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள், அது வழக்கமான வாசகம். மூன்றாவது, தொகையில் ஒத்துவராமல் ஸ்பெஷல் மாஸ்டரே முடிவு செய்வது.

ஸ்டிபுலேஷன் தொகை மற்ற இரண்டையும் விடத் தெளிவாகக் குறைவாகவே இருக்கும். தோற்கும் வாய்ப்புக்கான கழிவு அதில் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஆஃபர் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த நிபந்தனையில் அவர்களுக்குச் சந்தேகம் என்பது. 48 மணி நேரம் மட்டும்தான் தகராறு, உங்களிடம் நல்ல சான்று இருக்கிறது என்றால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் முதலில் முடிவு சொல்லும்படி ஸ்பெஷல் மாஸ்டரைக் கேட்கலாம். அது சாதகமாக வந்தால் அரசுத் தரப்பு பெரும்பாலும் நிலையை மாற்றிக்கொள்ளும், வழக்கு ஸ்டிபுலேஷனிலிருந்து ப்ரொஃபர் பக்கம் போய்விடும். என் கணிப்பில், தொகையை உயர்த்த இதைவிட நல்ல வழி கிடையாது. அதே சமயம் சந்தேகம் 6 மாதக் கணக்கில், அதற்குப் பிறகு ஒரு மருத்துவக் குறிப்பும் இல்லை என்றால், குறைந்த ஸ்டிபுலேஷனே பெரிய விஷயம்.

வைகைக்கரை:

கதிர், எண்களாகச் சொல்ல முடியுமா? எதிர்பார்ப்பு எங்கே இருக்க வேண்டும்?

கிளெய்ம்ஸ்_கதிர்:

வலி, அவதிக்கான தொகைக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 250,000 டாலர். அதனால் எல்லாரும் 250,000-இலிருந்து கீழே எண்ணத் தொடங்குகிறார்கள், அது சரியில்லை. வெளியான தீர்ப்புகளைப் படித்தால், ஆபரேஷன் இல்லாமல், சீக்கிரம் ஓரளவு சரியான வழக்குகள் 40,000 முதல் 60,000 வரை நிற்கும். ஒரு வருடத்துக்கு மேல் வலி, எம்ஆர்ஐயில் பர்சா அழற்சி, ஒன்றிரண்டு ஸ்டீராய்டு ஊசி, இருபது முப்பது தடவை பிசியோ என்றால் 70,000 முதல் 95,000 வரை. ஆர்த்ரோஸ்கோபி ஆபரேஷன் நடந்திருந்தால் பெரும்பாலும் 100,000-ஐத் தாண்டும். இவை தோராயம்தான், வழக்குக்கு வழக்கு மாறும்.

மருத்துவ பில்லை மூன்றால் பெருக்கிக் கேட்பது இங்கே எடுபடாது. இன்சூரன்ஸ் கட்டிய பில் உங்கள் நஷ்டமாகவே கணக்கில் வராது. உங்கள் கையிலிருந்து போனதுதான் செலவு: கோ-பே, டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்குமுன் நாம் கட்டும் தொகை), மருந்து, டாக்டரிடம் போய்வந்த மைல் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். சம்பள இழப்பு கேட்டால் வருமானவரிக் கணக்கும் கம்பெனி எழுதித்தரும் விடுப்பு விவரமும் கேட்பார்கள். ஓரிரு நாள் இழப்புக்காக அதை இழுத்தால் வழக்குதான் நீளும்.

கோரிக்கைக் கடிதம் அனுப்பும்போது தேதிவாரியாக ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள்: தேதி, யாரிடம், வலி எண், டிகிரி, என்ன சிகிச்சை. அதன் கீழே நிலைமை ஒத்துப்போகும் மூன்று நான்கு பழைய தீர்ப்புகள். உங்களைவிடக் கடுமையான வழக்கை எடுத்து வைத்தால் நம்பகம் குறையும்.

எடிசன்வாசி:

ஒரு விஷயத்துல மாறுபடறேன். கேட்டது 85,000, அவங்க சொல்றது 75,000ன்னு வைங்க. பத்தாயிரத்துக்காக இன்னும் எத்தனை மாசம் காத்திருக்கிறது? காத்திருக்கிற காலத்துக்கு வட்டியும் கிடையாது.

கிளெய்ம்ஸ்_கதிர்:

அந்த இடைவெளியில் நானும் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். ஸ்பெஷல் மாஸ்டர்கள் பல நேரம் இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் முடிவு செய்கிறார்கள், அதனால் உண்மையில் பேச்சு 5,000 டாலரைப் பற்றித்தான். ஆனால் 85,000 நியாயமான இடத்தில் அவர்கள் 50,000-இல் நின்றால் விடக் கூடாது. இரு தரப்பும் எழுத்துவாதம் கொடுத்த பிறகு, இத்தகைய வழக்குகளுக்கு மோஷன்ஸ் டே என்று ஒரு சுருக்கமான விசாரணை வைக்கிறார்கள். சாட்சி ஏற மாட்டார்கள், வக்கீல்கள் மட்டும் பேசுவார்கள், பல நேரம் அங்கேயே வாய்மொழியாக முடிவு சொல்லிவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் முழு விசாரணை இல்லை அது.

பிசியோ_சுகன்யா:

நான் இன்னொரு பக்கம் சொல்கிறேன். அவசரப்பட்டு முடிப்பதில் எனக்குப் பயம் வேறு. சர்ஜன் "இன்னும் மூன்று மாதம் பார்ப்போம், சரியாகாவிட்டால் ஆபரேஷன்" என்று சொல்லியிருக்கும் நிலையில் தொகை பேசி முடித்தால், பிறகு நடக்கும் ஆபரேஷனுக்காக மறுபடி வந்து கேட்க முடியாது. கை ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதும் வரை முடிக்காதீர்கள்.

கிளெய்ம்ஸ்_கதிர்:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கெடுவுக்குள் மனுவைப் போட்டுவிட்டால் தொகை பேச்சைத் தள்ளி வைக்க முடியும். மனுவுக்கு முன்புதான் கடிகாரம் ஓடுகிறது.

ரவி_டாலஸ்:

மூன்று கேள்வி. கோவிட் ஊசிக்கு இதே திட்டமா? ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர் மனுப் போடலாமா? ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு இங்கே ஊசி போட்டு ஆகியிருந்தால்?

மருந்தாளர்_மீனா:

முதல் கேள்விக்கு: இல்லை. கோவிட் ஊசிக்கு வேறு திட்டம், ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு, வலி அவதிக்குத் தொகை கிடையாது, வக்கீல் கட்டணமும் தர மாட்டார்கள். ஷிங்ரிக்ஸ் (அக்கி ஊசி), நியூமோவேக்ஸ் 23 (நிமோனியா ஊசி) இரண்டும் இந்தத் திட்டத்தில் இல்லை. ஒரே நாளில் ஒரே கையில் ஃப்ளூவும் ஷிங்ரிக்ஸும் போட்டிருந்தால் எந்த ஊசி காரணம் என்று தகராறு வரும், அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடு வாங்குங்கள்.

கிளெய்ம்ஸ்_கதிர்:

மற்ற இரண்டுக்கும்: போடலாம். குடியுரிமை நிபந்தனை இல்லை. ஊசி அமெரிக்காவில் போடப்பட்டதா என்பதே பொதுவான விதி. விசிட்டராக வந்த பெற்றோருக்கும் இது பொருந்தும். ஊருக்குத் திரும்பியபின் அங்கே பார்த்த சிகிச்சையின் காகிதங்கள் முக்கியம். நம்மூர் ஓபி சீட்டில் மருந்து மட்டும் எழுதியிருக்கும். வலி எந்தத் தோளில், எப்போதிலிருந்து, கை எவ்வளவு உயர்கிறது என்று டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் போட்ட குறிப்பாகக் கேட்டு வாங்குங்கள். மேலும் ஊசிக்கு முந்தைய மூன்று வருட மருத்துவப் பதிவுகளையும் கேட்பார்கள், தோளில் பழைய பிரச்சினை இல்லை என்று காட்ட.

ஒரு எச்சரிக்கை. இந்தத் திட்டத்துக்கு வருமுன் ஃபார்மசி மேல் தனியாக வழக்குப் போட்டு, அதில் சமரசமாகப் பணம் வாங்கினால் இங்கே மனுப் போடும் உரிமையே போய்விடும்.

வைகைக்கரை:

கடைசியாக, கையெழுத்துக்கு வரும் தாள். எதையெல்லாம் படித்துப் பார்க்க வேண்டும்?

கிளெய்ம்ஸ்_கதிர்:

ஸ்டிபுலேஷன் என்றால் முதலில் பெயரும் எண்ணும். பெயர் உங்கள் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போடும் நம் வழக்கத்தால் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் வந்துவிடும், பணம் வரும்போது அதுவே சிக்கல். எந்த ஊசி, எந்தத் தேதி, எந்தத் தோள் என்பதும் சரிதானா பாருங்கள்.

அடுத்து, இந்த ஊசி தொடர்பான எல்லாக் கோரிக்கையையும் அரசின் மேல் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்ற பத்தி. தீர்ப்புப் பதிவாவதற்கு முன் மனுதாரர் இறந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய இரு தரப்புக்கும் உரிமை உண்டு என்ற பத்தியும் இருக்கும். வயதான பெற்றோரின் வழக்கில் அதனால்தான் கையெழுத்தைத் தாமதப்படுத்தக் கூடாது.

மெடிகெய்டில் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) இருந்தவர்கள் கவனிக்க வேண்டியது, மாநிலம் செலவழித்த தொகை. அது உங்கள் தொகைக்கு மேல் தனி வரியாக எழுதப்பட வேண்டும். எவ்வளவு என்ற கடிதத்தை மாநிலத்திடம் முன்கூட்டியே வாங்காததால் வழக்குகள் மாதக்கணக்கில் நிற்கின்றன. கம்பெனி இன்சூரன்ஸும் மெடிகேரும் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) இந்தத் தொகையில் பங்கு கேட்க முடியாது.

பேச்சில் தொகை முடிவானதும் பணம் வந்துவிடாது. நீதித்துறையிலும் சுகாதாரத் துறையிலும் ஒப்புதல் வாங்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகலாம். பிறகு ஸ்பெஷல் மாஸ்டரின் முடிவு. மேல்முறையீட்டுக்கான 30 நாள் கழிந்துதான் தீர்ப்புப் பதிவாகும். இரு தரப்பும் மேல்முறையீடு இல்லை என்று சேர்ந்து எழுதிக்கொடுத்தால் அந்த 30 நாள் மிச்சம். அதற்குப் பின் "தீர்ப்பை ஏற்கிறேன்" என்று 90 நாளுக்குள் எழுத்துமூலம் தாக்கல் செய்ய வேண்டும்; செய்யாவிட்டால் அந்த 90 நாள் கழிந்தபின் ஏற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள், அதுவரை பணம் நகராது.

ரவி_டாலஸ்:

தீர்ப்பு இணையத்தில் பெயரோடு வரும் என்கிறார்களே?

கிளெய்ம்ஸ்_கதிர்:

ஆமாம், நீதிமன்றத் தளத்தில் போடுவார்கள், கூகுளில் தேடினால் வரும். மருத்துவ விவரம் எதையாவது நீக்க வேண்டும் என்றால் முடிவு வந்த 14 நாளுக்குள் கேட்க வேண்டும். என்ன நீக்க வேண்டும், ஏன் என்று வக்கீலிடம் முடிவு வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.